டிராகன் மூச்சின் பின்விளைவுகள்: பாத்திரமேற்பு விளையாட்டு விதிகளில் இழப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு (1974 – 2014)

முன்னுரை

கற்பனை உலகின் வீரச்செயல்களை மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சாலும் பகடையாலும் நிகழ்த்துவது பாத்திரமேற்பு விளையாட்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் ஒருவர் உலகையும் பகைவரையும் இயக்குவார். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரின் ஆக்கமாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியாகும். அதன் பெயரிலேயே இடம்பெற்ற டிராகனின் தலையாய படைக்கலம் அதன் மூச்சு. மூச்சுக்கு இலக்கானவர் இறந்தாரா, பிழைத்தாரா என்பதோடு விதிகள் நின்றுவிடவில்லை. அவர் சுமந்த பொருள் என்னவாயிற்று, உடல் எந்நிலையை அடைந்தது என்பனவற்றையும் அவை வரையறுத்தன. இப்பின்விளைவுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியமை, விளையாட்டு எதனை இழப்பாகக் கருதியது என்பதில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தொடக்ககால விதிகள்

1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டு விதிநூலின் கற்பனைப் பிற்சேர்க்கையிலேயே டிராகன் இடம்பெற்றுவிட்டது. 1974ஆம் ஆண்டு விதிகள் ஆறு வகை டிராகன்களைக் கூறுகின்றன. வெள்ளை டிராகன் உறைகுளிரையும், கறுப்பு அமிலத்தையும், பச்சை குளோரின் வாயுவையும், நீலம் மின்னலையும், சிவப்பு நெருப்பையும் உமிழும். பொன்னிற டிராகன் நெருப்பு, வாயு ஆகிய இரண்டையும் உமிழவல்லது. நாளொன்றுக்கு மூன்று முறை மூச்சைப் பயன்படுத்தலாம். மூச்சின் சேதம் டிராகனின் உயிர்ப்புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டது. பகடை உருட்டித் தற்காப்பில் வென்றவருக்குச் சேதம் பாதியாகும். 1977ஆம் ஆண்டு விலங்குத் தொகுப்பின்படி, 11 உயிர்ப்பகடை உடைய மிக முதிய சிவப்பு டிராகனின் மூச்சு 88 புள்ளிச் சேதம் விளைவிக்கும். தற்காப்பில் வென்றாலும் 44 புள்ளிகள் போகும்.

பொருள்மேல் விழுந்த இழப்பு

இக்காலகட்டத்தின் பின்விளைவு உடலைவிட உடைமையையே பெரிதும் தாக்கியது. 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில் நெருப்புக்கோள மந்திரம் பொன், வெள்ளி, செம்பு போன்ற மென்மையான உலோகங்களை உருக்கும் எனக் கூறப்பட்டது. 1979ஆம் ஆண்டு நடுவர் கையேடு, பொருள்களுக்கெனத் தனித் தற்காப்பு அட்டவணை ஒன்றைத் தந்தது. துணி, தோல், எலும்பு, காகிதம், உலோகம் முதலியவை அமிலம், நெருப்புக்கோளம், உறைபனி, மின்னல் முதலியவற்றுக்குத் தாங்குமா என்பதை அது தனித்தனியே வரையறுத்தது. இவை டிராகன் மூச்சின் வகைகளோடு பெரிதும் ஒத்தவை என்பது கருதத்தக்கது.

அட்டவணையின் தேவையை அக்கால வளர்ச்சிமுறை விளக்குகிறது. பாத்திரம் மீட்டுவரும் புதையலில் ஒரு பொற்காசின் மதிப்புக்கு ஓர் அனுபவப்புள்ளி என்பது விதி. பகைவரைக் கொல்வதற்கும் புள்ளி உண்டெனினும், வளர்ச்சி பெரிதும் புதையலைச் சார்ந்திருந்தது. எனவே எரிந்த மந்திரச் சுருளும் உருகிய பொன்னும் வெறும் பொருளிழப்பு அல்ல. பாத்திரத்தின் எதிர்காலத்தில் ஏற்பட்ட இழப்பு. டிராகனை வென்றும் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு விதிகளுக்குள்ளேயே இருந்தது.

இழப்பின் சுருக்கம்

1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு மூச்சின் சேதத்தை உயிர்ப்புள்ளியிலிருந்து பிரித்து, வயதுக்கேற்ற பகடை எண்ணிக்கையாக்கியது. பொற்காசுக்குப் புள்ளி தரும் விதியை நடுவரின் விருப்பத்துக்கு விட்டது. 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் அனுபவப்புள்ளி, வெல்லப்பட்ட அறைகூவலின் கடுமையைப் பொறுத்ததாயிற்று. அதே பதிப்பில், தற்காப்புக்கு உருட்டும் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் மட்டுமே சுமந்த பொருளுக்கு ஊறு நேரும் என்ற விதி அமைந்தது. இருபதில் ஒரு வாய்ப்பாக, அதாவது 5 விழுக்காடாக, பொருளின் ஆபத்து சுருங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் பகடை உருட்டுவது ஆட்டத்தைத் தாமதப்படுத்தும் என்பது இம்மாற்றத்துக்குரிய எளிய விளக்கம். ஆயினும் அத்தாமதம் 1979இல் ஏற்கத்தக்கதாக இருந்ததையும் அவ்விளக்கத்தோடு சேர்த்து நோக்க வேண்டும். புதையல் வளர்ச்சியின் அளவுகோலாக இல்லாதபோது, அதன் அழிவைக் கணக்கிடும் உழைப்பும் பொருளற்றதாயிற்று.

உடலுக்குப் பெயர்ந்த பின்விளைவு

2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘டிராகோனோமிகான்’ என்னும் துணைநூலில், பட்டவர்மீது ஒட்டிக்கொண்டு அடுத்த சுற்றிலும் சுடும் மூச்சு, முகிலாகத் தேங்கி நிற்கும் மூச்சு ஆகிய திறன்கள் அறிமுகமாயின. 2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பில் இப்போக்கு முழுமை பெற்றது. இளங்கறுப்பு டிராகனின் அமிலம் தொடர்சேதத்தோடு கவசக் காப்பையும் குறைத்தது; இளவெள்ளை டிராகனின் குளிர், நடையைத் தளர்த்தி வலிமையைக் குன்றச் செய்தது. கவசக் காப்பின் குறைவுகூடக் கவசத்தின் நிலையான அழிவன்று. தற்காப்பில் வென்றவுடன் நீங்கும் நிலையே.

உடல்சார் விளைவுகள் முன்பே இருந்தன என்பது இக்கருதுகோளுக்கு எதிராகக் கூறத்தக்க தடை. 1977ஆம் ஆண்டுத் தொகுப்பில் பித்தளை டிராகன் உறக்கத்தையும் அச்சத்தையும், செம்பு டிராகன் தளர்ச்சியையும், வெள்ளி டிராகன் முடக்கத்தையும் உண்டாக்கும் மூச்சைப் பெற்றிருந்தன. எனினும் அவை நற்பண்புடைய உலோக டிராகன்களுக்கு உரியவை. கொல்லும் மூச்சுக்கு மாற்றாக அமைந்தவை. கொல்லும் மூச்சோடு அவற்றை ஒன்றாக இணைத்ததே 2008ஆம் ஆண்டின் புதுமை. 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு மீண்டும் பழைய பிரிவினைக்குத் திரும்பியது. அதில் சிவப்பு டிராகனின் மூச்சு உயிர்களைச் சுடுகிறது; பொருள்களைப் பற்றி அவ்விதி எதுவும் கூறவில்லை.

குளோரின் என்னும் சான்று

பச்சை டிராகனின் வரலாறு மற்றொரு இழப்பைச் சுட்டுகிறது. இடைக்காலச் சாயலுடைய கற்பனை உலகில் குளோரின் என்பது இருபதாம் நூற்றாண்டுப் போர்க்களத்தை நினைவூட்டும் சொல். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு களத்தில் ஜெர்மானியப் படை குளோரினைப் பெருமளவில் பயன்படுத்தியது. பிழைத்தோர் பலர் நெடுங்கால நுரையீரல் பாதிப்போடு வாழ்ந்தனர். விளையாட்டு விதிகளோ பெயரை மட்டும் ஏற்று, விளைவைப் புள்ளிக் கழிவாக்கின. மூன்றாம் பதிப்பில் அவ்வாயு அமில வகையாகவும், நான்காம் பதிப்பில் நஞ்சாகவும் மாறியபோது, பெயரில் எஞ்சியிருந்த நினைவும் அகன்றது.

முடிவுரை

டிராகனின் மூச்சு நாற்பதாண்டுகளாகப் பெரிதும் அதே நெருப்பாகவும் குளிராகவும் நீடித்தது. அது விட்டுச்சென்ற தடமே மாறியது. தொடக்கத்தில் அத்தடம் சாம்பலான சுருள்களாக ஆட்டம் முடிந்த பின்னும் நிலைத்தது. பின்னர், தற்காப்பில் வென்றால் நீங்கும் உடல்நிலையாகச் சுருங்கியது. விதிகள் எளிமையுற்றதால் ஆட்டம் விரைவுபெற்றது என்பது உண்மை. ஆனால் வெற்றிக்குப் பின்னும் மீளாத இழப்பு என ஒன்று உண்டு என்ற உணர்வை அதற்கு விலையாகத் தர நேர்ந்தது. விளையாட்டு விதிநூல்களை வெறும் பொழுதுபோக்குக் கையேடுகளாகக் கொள்ளாமல், ஒரு காலம் எதனை இழப்பெனக் கருதியது என்பதற்குரிய ஆவணங்களாகவும் கொள்ளலாம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.