ஆளின் இடர், ஊரின் இடர்: கொங்கு நாட்டில் கடன் மதிப்பீடு பயிலப்பட்ட வரலாறு

காவிரிக் கரையில் ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே அமைந்துள்ள கொடுமுடி வட்டாரம், காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடையையும், கீழ்பவானிப் பாசனத்தின் ஒரு பகுதியையும், கிணற்றையும் மழையையும் நம்பிய புன்செய்க் காடுகளையும் ஒருசேரக் கொண்டது. நெல், மஞ்சள், கரும்பு, தென்னை, எள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் போடவேண்டிய முதலும் அது திரும்பிவரும் காலமும் வேறுபடுவதால், இங்கே கடன் வேளாண்மையின் ஒரு செய்முறையாகவே இருந்துவந்துள்ளது. மஞ்சளை நட்டு வெட்டியெடுக்க ஏறத்தாழ 9 மாதங்கள் ஆகும். அதன் பின் வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி ஈரோட்டு மண்டிக்குக் கொண்டுசெல்லும் வரை உழவரின் கையில் வரவு இல்லை.

இன்றைய வங்கித்துறை இடர் மேலாண்மை என்று குறிப்பிடுவது, கொடுத்த கடன் திரும்பாமற்போகும் வாய்ப்பை முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கேற்பக் கடனின் அளவையும் ஈட்டையும் வட்டியையும் வரையறுத்து, நேரக்கூடிய இழப்பைத் தாங்குவதற்கான முதலை ஒதுக்கிவைக்கும் பணியாகும். இப்பணிக்கு இரு முகங்கள் உண்டு. கடன் வாங்கியவர் நாணயம் தவறுவதாலோ அவருடைய தொழில் நொடிப்பதாலோ வருவது ஆளின் இடர். மழை பொய்த்தோ விலை சரிந்தோ வட்டாரத்தில் உள்ள அனைவரும் ஒரே நேரத்தில் திருப்பித்தர இயலாமற்போவது ஊரின் இடர். கொங்கு நாட்டில் கடன் கொடுத்தவர்கள் முதலாவதைக் கற்றுக்கொண்ட அளவுக்கு இரண்டாவதைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும், அடுத்தடுத்த தலைமுறைப் பயிற்சிகள் ஒன்றைப் பிடிக்கையில் மற்றொன்றை நழுவவிட்டன என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

வங்கிகள் வருவதற்கு முன் இவ்வட்டாரத்தில் கடன் கொடுத்தவர்கள் நிலமுள்ள பண்ணையக்காரர்களும் கமிஷன் மண்டி வணிகர்களுமே ஆவர். இவர்களிடம் பயிற்சி என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. எவர் தோட்டத்துக் கிணறு கோடையில் வற்றும், எவர் வீட்டில் பாகப்பிரிவினை நெருங்குகிறது என்ற அறிவே மதிப்பீட்டின் அடிப்படையாக இருந்தது. தமிழகத்தில் இப்பயிற்சியை முறைப்படுத்தியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். அவர்களுடைய வட்டிக்கடையில் சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, சிட்டையும் பேரேடும் எழுதப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பின்னர் கடையின் பொறுப்பை ஏற்கும் மேலாளாக மாறினான். மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுக் கணக்காக அமைந்தது. ஆளை எடைபோடுவதில் இதற்கு இணையான பயிற்சி அக்காலத்தில் அரிதாகவே இருந்தது. எனினும் 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் அரிசி விலை வீழ்ந்தபோது, கீழ்ப் பர்மாவில் அவர்கள் கொடுத்திருந்த கடன்கள் ஒருசேர முடங்கின. அங்குள்ள முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை, ஈட்டு நிலங்கள் கைக்கு வந்ததால், அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 விழுக்காடாகப் பெருகியது. வேண்டியது பணமாக இருக்க, வந்தது விற்கமுடியாத நிலமாக இருந்தது.

ஊரின் இடரைக் கொங்கு நாடு அதற்கும் முன்பே அறிந்திருந்தது. 1876–78 பெரும் பஞ்சம் கோயம்புத்தூர் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிய பின், கிணறு வெட்டவும் நிலம் திருத்தவும் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், விதைக்கும் மாட்டுக்கும் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் அரசு நேரடியாக வழங்கிய கடன்கள் தக்காவி எனப்பட்டன. 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்து இம்மண்ணின் வேளாண்மையை நன்கறிந்திருந்த பிரடெரிக் நிக்கல்சனிடம், வேளாண் வங்கிகளை நிறுவும் வாய்ப்பை ஆராயும் பொறுப்பைச் சென்னை அரசு 1892இல் ஒப்படைத்தது. 1895இலும் 1897இலும் வெளிவந்த அவரது அறிக்கை, ஜெர்மனியில் ரைபைசன் வகுத்த கிராமக் கடன் சங்க முறையை இந்தியாவுக்கு ஏற்றதாகப் பரிந்துரைத்தது. ஒருவரையொருவர் அறிந்த சிறு எல்லைக்குள் சங்கம் இயங்கவேண்டும், ஒருவரின் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பேற்கவேண்டும், கடன் விளைச்சலுக்கே பயன்படவேண்டும் என்பவை அம்முறையின் கூறுகள். ஊரார் பேச்சாக உலவிய அறிவை ஒரு நிறுவனத்தின் மூலதனமாக மாற்றியதே அதன் சிறப்பு.

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும், மேல்நிலைச் சங்கங்களுக்கு இடமளித்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் இம்முறைக்கு உருவம் தந்தன. ஒரு கிராமத்துக்குள் முடங்கிய சங்கம் அக்கிராமத்தின் வறட்சியோடு சேர்ந்து மூழ்கிவிடும் என்பதால், பல வட்டாரங்களின் பணத்தைத் திரட்டி ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகையால் ஈடுசெய்யும் மத்திய கூட்டுறவு வங்கிகள் சங்கங்களின் மேல் எழுந்தன. ஆயினும் விலைவீழ்ச்சி மாகாணம் முழுவதையும் தாக்கியபோது இவ்வடுக்கும் தாங்கவில்லை. தனியார் கொடுத்திருந்த வேளாண் கடன்களின் வட்டிச் சுமையையே குறைக்கும் சட்டத்தைச் சென்னை அரசு 1938இல் இயற்ற நேர்ந்தது. 1954இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வறிக்கையின்படி, உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடு மட்டுமே. பிற்காலத்தில் கூட்டுறவு வளர்ந்தபோது கடன் தள்ளுபடி என்னும் மற்றோர் இடரும் சேர்ந்தது; 2021இல் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அத்தொகையை அரசே ஏற்றாலும், அடுத்த கடனைத் திருப்பித்தரும் மனப்போக்கையும் இனிமேல் கணக்கில் கொள்ளவேண்டியதாயிற்று.

கொடுமுடிக்கு அண்மையிலுள்ள கரூரில் தோன்றிய இரு வங்கிகள் இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்தைத் தெளிவாக்குகின்றன. 1916இல் கரூர் வைசியா வங்கியும், 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியும் உள்ளூர் வணிகர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டு, வணிகத்துக்கும் சிறுதொழிலுக்கும் வேளாண்மைக்கும் கடன் வழங்கி வளர்ந்தன. பிற்காலத்தில் லட்சுமி விலாஸ் வங்கி தொலைவிலுள்ள பெருநிறுவனங்களுக்குப் பெருந்தொகைகளை வழங்கியது. ஒரே வட்டாரத்தைச் சார்ந்திருக்கும் நிலை இதனால் தளர்ந்தது. ஆனால் கடன் வாங்கியவரை அறிந்திருக்கும் வலிமையும் உடன் போயிற்று, சில பெரிய கணக்குகளில் பணம் குவியும் புதிய இடரும் பிறந்தது. 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி அதை உடனடித் திருத்த நடவடிக்கையின்கீழ்க் கொண்டுவந்தது. 2020 மார்ச்சில் அதன் மொத்தக் கடனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாராக்கடனாக இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 17இல் பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டு, நவம்பர் 27இல் வங்கி டிபிஎஸ் பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர்களின் பணம் காக்கப்பட்டது. பங்குதாரர்களின் முதல் முழுவதும் அழிந்தது.

இத்தகைய வீழ்ச்சிகளைத் தடுக்கும் நோக்குடைய இன்றைய விதிகளின் மூலம் ஐரோப்பாவில் உள்ளது. 1974இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டதைத் தொடர்ந்து உருவான பாசல் குழு, இடரின் எடைக்கேற்ப வங்கிகள் சொந்த முதல் வைத்திருக்கவேண்டும் என்னும் நெறியை 1988இல் வகுத்தது. நரசிம்மம் குழுவின் 1991ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் இந்தியாவும் அந்நெறியை ஏற்றது. இடர் மேலாண்மைக்குத் தனி அமைப்பை வங்கிகள் ஏற்படுத்தவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1999 அக்டோபரில் நெறிமுறைகளை வெளியிட்டபின், அத்துறை மேலாண்மைப் பட்ட மாணவர்களின் கோடைக்காலப் பயிற்சிக்கும் உரிய களமாயிற்று. பெட்டியடிப் பையன் பல்லாண்டுகளில் பெற்ற பயிற்சியை இம்மாணவர் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பெறவேண்டியிருக்கிறது. அவர் முன் விரிவது கடனாளியின் முகமன்று, தவணை தவறிய நாள்களின் அட்டவணையாகும். 30 நாள், 60 நாள், 90 நாள் என முன்னெச்சரிக்கைப் படிகளாகக் கணக்குகளைப் பிரிப்பதும், 90 நாளுக்கு மேல் நிலுவையானதை வாராக்கடனாக வகைப்படுத்துவதும், விலை பாதியானால் எத்தனை கணக்குகள் முறியும் என்று கணிக்கும் அழுத்தச் சோதனையும் அவர் பயிலும் பாடங்கள். ஊரின் இடரை எண்ணாக்கிக் காட்டும் கருவி முன்னோர் எவரிடமும் இருந்ததில்லை என்பதால், இப்பயிற்சியைக் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும் அக்கருவியின் துல்லியம் அதற்குள் இடப்படும் செய்தியைப் பொறுத்தது. 90 நாள் என்னும் வரையறை பயிர்க்கடனுக்குப் பொருந்தாது. குறுகிய காலப் பயிராயின் இரண்டு பயிர்ப் பருவங்களும், நீண்ட காலப் பயிராயின் ஒரு பருவமும் நிலுவை நீடித்த பின்னரே அது வாராக்கடனாகும். கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கர் ஒற்றைப்படை, இரட்டைப்படை மதகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறுபாதிக்குப் புன்செய்ப் பயிருக்கும் முறைவைத்து நீர் விடப்படுகிறது. ஆதலால் அருகருகே இருக்கும் இரு தோட்டங்களின் வரவு மாதங்கள் வெவ்வேறாக இருக்கக்கூடும். மதகின் முறையை அறியாத பயிற்சியாளருக்கு அவ்விரு கணக்குகளும் ஒன்றாகவே தோன்றும். நிக்கல்சன் பரிந்துரைத்த முறையில் அமைந்த சங்கம் ஆளை அறிந்திருந்தும் விலைவீழ்ச்சியில் தளர்ந்தது. கரூர் வங்கி ஒன்று ஊரைக் கடந்தும் ஆளை அறியாமல் வீழ்ந்தது. ஆகவே கோடைக்காலப் பயிற்சியில் சில நாள்களையேனும் மண்டியிலும் வாய்க்கால் கரையிலும் செலவிடச் செய்வது, மாணவர் கணிக்கும் எண்ணின் பொருளைத் திருத்துவதற்கான இன்றியமையாத பாடமாகும்.