காகித மடிப்பும் கனமூலமும்

தூத்துக்குடித் துறைமுகத்துத் தோணிகளைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள், கையில் கிடைத்த தாளை மடித்துக் கப்பல் செய்கின்றனர். அதை நாம் விளையாட்டென்றே கொள்கிறோம். வருவாய்த்துறை அதிகாரியாகப் பணியாற்றிய டி. சுந்தர ராவ் அவ்வாறு கொள்ளவில்லை. மழலையர் பள்ளிகளுக்கான வண்ணச் சதுரத் தாள்களைக் கொண்டே வடிவியலைக் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை அவர் 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் 1895இல் தம் நூலில் அதனைச் சுட்டினார். 1901இல் அது சிகாகோவிலும் அச்சேறியது. நம் மண்ணின் நூலுக்கு அயலார் சான்று வேண்டியிருந்தது புதிதன்று!

தாளை மடிக்கும்போது அதன் ஒரு பாதி மறுபாதியின் மேல் வந்து படிகிறது. தாள் நீள்வதில்லை, சுருங்குவதுமில்லை. ஆகவே நீளமும் கோணமும் மாறுவதில்லை. மடிப்பு நிரூபணமாவது இதனால்தான். அளவுகோல் இன்றியே சதுரம், ஐங்கோணம், வர்க்கமூலம் ஆகியவற்றைச் சுந்தர ராவ் மடித்துக் காட்டினார். தாளில் ஒரு புள்ளியைக் குறித்து, விளிம்பின் புள்ளிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் படியவைத்து மடித்தால், மடிப்புக் கோடுகள் யாவும் பரவளையம் என்னும் ஒரே வளைவைத் தொட்டு நிற்கும். இதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும், ஒரு கனசதுரத்தின் கன அளவை இருமடங்காக்கத் தேவையான கனமூலம் மடிப்புக்கு எட்டாது என்பதே அவர் நூலின் நிலைப்பாடு.

கவிஞராக மட்டுமே நம்மில் பலர் அறிந்துள்ள உமர் கய்யாம் (1048–1131), இத்தகைய முப்படிச் சமன்பாடுகளை வகைப்படுத்தி, வட்டம், பரவளையம் போன்ற வளைவுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அவற்றின் விடையைக் கண்டவர். நம் இல்லங்களில் அவருடைய கவிதை பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை.

பரவளையம் சுந்தர ராவின் தாளிலேயே இருந்தது. ஆனால் அவர் ஒரு மடிப்பில் ஒரு புள்ளியை மட்டுமே ஒரு கோட்டின்மேல் படியவைத்தார். இத்தாலியக் கணித அறிஞர் மார்கரிட்டா பெலோக், 1936இல், இரு புள்ளிகளை இரு கோடுகளின்மேல் ஒரே மடிப்பில் படியவைத்தார். அந்த மடிப்புக் கோடு ஒரே நேரத்தில் இரு பரவளையங்களைத் தொடுகிறது, கனமூலமும் கிட்டிவிடுகிறது.