மஞ்சக்காணி

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த பத்திரங்களில் இரண்டில் மட்டுமே அவருடைய பெருவிரல் ரேகை இருக்கிறது. ஒன்று 1999ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரம். மற்றது 2007இல் திண்டிவனத்தில் பதிவான உயில். முதலாவதில் நடந்த அநியாயத்தை இரண்டாவதில் அவர் நேர்செய்தார். இது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. அந்த அநியாயத்தால் ஆதாயம் அடைந்தவள் நான் என்பதுதான் காரணம்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே எங்கள் ஊர். மல்லாட்டை போடும் மூன்று ஏக்கர், தாத்தா வழிவந்த பூர்வீக நிலம். அக்காவுக்கு 1986இல் கல்யாணம். எனக்கு 1991இல். தம்பி கடைசி. அப்பா 1998இல் உயில் எழுதாமலே இறந்தார்.

பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே வரும் பங்கை மகன்களுக்கென்றே விட்டுவைத்தது. ‘பங்காளி’ என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் பெண்பால் கிடையாது, சட்டத்திலும் இல்லை. 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் தமிழ்நாடு அந்தச் சட்டத்தைத் திருத்தி, மகளையும் பங்காளி ஆக்கியது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்குப் பிறகு அறுபது ஆண்டுகள்.

அந்தத் திருத்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமான மகளுக்கு அது பொருந்தாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களில் நான் உள்ளே வந்தேன், அக்கா வெளியே நின்றாள்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நிலம் 300 சென்ட். அப்பா, தம்பி, நான் மூவரும் பங்காளிகள், ஆளுக்கு 100. அப்பாவின் 100, அவர் இறந்தபின் அம்மா, அக்கா, நான், தம்பி நால்வருக்கும் 25 வீதம். ஆக எனக்கு 125, தம்பிக்கு 125, அம்மாவுக்கு 25, அக்காவுக்கு 25.

நான் அப்போது விழுப்புரத்தில் ஆசிரியை. மகளிர் கூட்டங்களில் செங்கல்பட்டு மாநாட்டைப் பற்றிப் பேசியவள். சட்டத்தைக் காட்டி என் 125ஐக் கேட்டு வாங்கினேன். ஊரே வாயைப் பிளந்தது. அக்காவிடம், “உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே” என்றார்கள் பெரியவர்கள். அவள் தன் 25 சென்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தாள். அம்மாவும் அப்படியே கைநாட்டு வைத்தார். அன்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பங்கை வாங்கியதே பெண்களுக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

2005 செப்டம்பர் 9இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது, கல்யாணத் தேதி என்ற வேலி நீங்கியது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் 2020இல் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது. எங்களுடையது 1999இல் பதிவானது. அக்காவுக்கு அந்தக் கதவு மூடியது மூடியதுதான்.

அம்மாவிடம் மிச்சம் இருந்தது அவருடைய மஞ்சக்காணி. கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீடு கொடுக்கும் நிலத்துக்கு அப்படிப் பெயர். பல வீடுகளில் அது வாய்ச்சொல்லோடு நின்றுவிடும். பிறகு மாமன் மகன்கள் உழுதுகொண்டிருப்பார்கள். பதியாமல் கொடுக்கும் நிலம் சட்டப்படி கொடை ஆகாது. எங்கள் பாட்டி விடாப்பிடியாக நின்று, தாத்தாவைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போய், மகள் பேருக்குப் பதியவைத்திருக்கிறார். ஒரு காணி, அதாவது 132 சென்ட்.

அம்மா உயில் எழுதாமல் இறந்திருந்தால் அது மூன்று பிள்ளைகளுக்கும் 44 சென்ட் வீதம் போயிருக்கும். அவர் முழுக் காணியையும் அக்காவுக்கு எழுதியிருந்தார். சுயநினைவோடும் பிறர் தூண்டுதலின்றியும் என்ற வழக்கமான வாசகங்களுக்கு நடுவே, பத்திர எழுத்தர் சொந்தமாகச் சேர்த்திருக்க முடியாத ஒரு வரி: மூத்த மகளுக்கு அவள் தகப்பன் நிலத்தில் பங்கு வராததால் இதை அவளுக்கு வைக்கிறேன்.

2016இல் அம்மா காலமானபின் அதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். அம்மா என்னை மறந்துவிட்டாரே என்று இரண்டு நாள் அழுதேன். தம்பி ஒருபடி மேலே போனான். கடைசிக் காலத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. ஆகவே அவள்தான் கைநாட்டு வாங்கியிருப்பாள் என்றான். “திருவாமாத்தூர் வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணட்டும்.”

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப முடியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணன் ஒருவன் தம்பியின் பணத்தைத் தடிக்குள் ஒளித்து, அந்தத் தடியைத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டு, பணம் என்னிடம் இல்லை என்று சத்தியம் செய்தானாம். போகிற வழியில் தும்பூரில் பாம்பு தீண்டியதாம். சிறுவயது முதல் கேட்ட கதை. அதில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு. கூடப்பிறந்த பெண் இருந்தாளா என்று நான் கேட்டதே இல்லை.

அக்கா குரலை உயர்த்தவில்லை. “நான் எதுக்குடா சத்தியம் பண்ணணும்? அம்மாதான் கைநாட்டு வெச்சிருக்குதே.”

உயில் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது; வழக்கு என்று வந்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகளில் ஒருவர் போய்விட்டார். மற்றவர், ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கள் திண்ணைக்கே வந்தார். அன்று அக்கா கூட வரவில்லை என்றார். அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே விரலை மையில் வைத்தாராம். “சின்னவளுக்கு நூத்தி இருபத்தஞ்சு வந்துச்சு, இது நூத்தி முப்பத்திரண்டு, வட்டியோட சரியாப் போச்சுன்னு சொல்லிச் சிரிச்சாங்க.”

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. எழுத்தறியாத அம்மா 1989 மார்ச் 25 என்ற தேதியைக் கணக்கில் எடுத்திருந்தார். அதே தேதி எனக்குத் தந்ததை மட்டும் நான் எண்ணிப் பார்த்திருந்தேன்.

உயிலை ஒப்புக்கொள்வதாக நான் எழுதிக்கொடுத்தேன். தம்பியும் மூன்று மாதம் கழித்துக் கையெழுத்திட்டான். அக்காவோடு அவன் பேச இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. பட்டா 2017இல் அக்கா பேருக்கு மாறியது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். முடிந்தால் உங்களைவிட வயது குறைந்தவர்களாக, பங்கு பெறாதவர்களாக இருக்கட்டும். மனம் மாறினால் உயிருள்ளவரை மாற்றி எழுதலாம். யாருக்கு என்பதோடு ஏன் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

போன தை மாதம் அக்கா தன் உயிலை எழுதினாள். நானும் கூடப் போனேன். மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் 44 சென்ட் வீதம். “ஏன்”னு எழுதலையா என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் ஒண்ணாக் குடுக்கறதுக்குக் காரணம் எதுக்குடி?” என்றாள்.