நாடியைத் தேடிய கைகள்

பிரஷர் பார்க்கிறது என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது கையில் சுற்றிக் காற்றடிக்கிற பட்டிதான். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அது போதாது. கணத்துக்குக் கணம் மாறுகிற குருதியமுக்கத்தைப் பார்க்க, மணிக்கட்டு நாடிக்குள்ளேயே கதீற்றர் என்கிற மெல்லிய குழாயைச் செருகி வைக்கிறார்கள். சரி, தோலுக்கு அடியில் கிடக்கிற நாடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்களை இதற்குள் இழுத்தது ஒரு குதிரை.

இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் வெளியிட்ட நூலில் அந்தக் குதிரை வருகிறது. 14 வயதுப் பெண்குதிரை. அதை உயிரோடு மல்லாத்திக் கட்டி, தொடை நாடியை வெட்டித் திறந்து, பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு 9 அடிக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். குருதி 8 அடி 3 அங்குலம் ஏறியது. வழமையாகச் சொல்லப்படுகிற கதை இதோடு முடியும். ஹேல்ஸ் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குருதியை வெளியே எடுத்து, ஒவ்வொரு தடவையும் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டே போனார், குதிரை சாகும்வரை. குருதி போகப் போக அமுக்கம் எப்படி விழுகிறது என்று அவர் எழுதிவைத்ததைத்தான் இன்றைக்கு ஓப்பரேஷன் அறையின் திரை ஒரு கோடாகக் காட்டுகிறது.

1856இல் பிரான்ஸில் ஃபைவ்ர், கால் துண்டிக்கும் சத்திரசிகிச்சையின்போது மனித நாடியில் நேரடியாக அளந்தார். அதுவும் வெட்டித் திறந்த நாடிதான். வெட்டாமல் உள்ளே போவதற்கு ஒரு சுலபமான முறையைத் தந்தவர், 1953இல், சுவீடனின் ஸ்வென் இவார் செல்டிங்கர். முதலில் ஊசி, ஊசிக்குள்ளால் கம்பி, ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேலால் குழாய். அவ்வளவுதான். ஆனால் ஊசியை எங்கே குத்துவது என்பதை விரல்தான் சொல்லவேண்டியிருந்தது.

சிக்கலே அங்கேதான். அமுக்கம் விழுந்து துடிப்பு மங்கும்போதுதான் இந்தக் குழாய் மிகவும் தேவை. அதே நேரத்தில்தான் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. கைக்குழந்தைகளின் நாடியோ மிகச் சிறியது. திரும்பத் திரும்பக் குத்தினால் நாடி சுருங்கிவிடும், சுற்றிவர இரத்தமும் கட்டும்.

அல்ட்ராசவுண்டால் நாடியைப் பார்க்கலாம், ஆனால் முன்பெல்லாம் அந்த இயந்திரத்தைத் தள்ளுவண்டியில்தான் கொண்டுவரவேண்டியிருந்தது. 1990களில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் டார்பா, போர்க்களத்துக்குத் தூக்கிச் செல்லக்கூடிய ஸ்கானர் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. அதிலிருந்து 1999இல் சோனோசைட் 180 வந்தது. போரிலிருந்து வந்த நன்மை என்று எழுத எங்களுக்குக் கை கொஞ்சம் தயங்குது. பிறகு கைபேசியில் பொருத்துகிற கருவிகளும் வந்துவிட்டன.

திரையில் நாடியும் நாளமும் கறுப்பு வட்டங்களாகத் தெரியும். கருவியை மெல்ல அமத்தினால் நாளம் நசிந்து மறையும். நாடி துடித்தபடி நிற்கும். ஊசிமுனை ஒரு வெள்ளைப் புள்ளியாக அந்த வட்டத்துக்குள் இறங்கும். அப்போ விரலுக்கு வேலை போச்சா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். அமத்துறது இன்னும் கைதானே என்றது ஒரு பக்கம். பற்றரி முடிஞ்சா என்ன செய்யிறது என்றது மற்றப் பக்கம்.