தளிச்சேரியின் நானூறு பெயர்கள்

தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு: நக்கன் சேரமங்கை, பங்கு ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் வடபுறத் திருச்சுற்று மதிலில், வெளிப்பக்கத்தில் உள்ள நீண்ட கல்வெட்டு ஒன்று இப்படித்தான் ஆட்களைக் கணக்கெடுத்துக்கொண்டு போகிறது. தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, ஜீவிதம் எவ்வளவு. ஒன்றல்ல, இரண்டல்ல, நானூறு பெண்கள். சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து ராஜராஜன் கொண்டுவந்து, தளிச்சேரி என்னும் கோயில் தெருவில் குடியேற்றிய ஆடல் பெண்டுகள் இவர்கள். ஆண்டு 1014.

தமிழாசிரியையாக இருந்த காலம் முழுக்க, காலையில் எனக்கு முதல் வேலை பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவதுதான். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கல்வெட்டையும் படித்தேன், ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு. கல்லில் படிப்பது சுலபமில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம் குறிலா நெடிலா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஒரு கல்லில் தொடங்கும் பெயர் அடுத்த கல்லில் போய் முடியும். நிதானமாக எழுத்துக்கூட்டினால் மெல்லப் பிடிபடும்: எடுத்தபாதம், ஏகவீரி, சோழகுலசுந்தரி, விச்சாதிரி, மறைக்காடு, திருவையாறு, தில்லையழகி, எச்சுமண்டை.

எடுத்தபாதம் என்ற பெயரில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடிதான் அந்தப் பெயர். ஆடுவதற்கென்றே வளர்ந்த பெண்ணுக்கு ஆடுகிறவனின் காலையே பெயராக வைத்திருக்கிறார்கள். அவளைப் பெற்றவளோ வளர்த்தவளோ யாராயிருந்தாலும் நல்ல ரசனைக்காரி. வித்யாதரி என்ற வடசொல்லைத் தமிழ் வாய் விச்சாதிரி ஆக்கிக்கொண்டது. மறைக்காடு இன்றைய வேதாரண்யம். மறைக்காடும் திருவையாறும் ஊர்ப்பெயர்கள். அவற்றோடு அம்மாள் என்றோ வல்லி என்றோ எதுவும் ஒட்டாமல், ஊரை அப்படியே பெண்ணுக்கு வைத்தார்கள். பழனி, சிதம்பரம், அண்ணாமலை, திருப்பதி என்று ஊர்ப்பெயரை ஆண்பிள்ளைக்கு வைப்பது நம் வீடுகளில் இன்றும் உண்டு. பெண்பிள்ளைக்கு வைப்பது வேளாங்கண்ணி போன்ற சில பெயர்களோடு நின்றுபோயிற்று.

அரசன் பெயரும் தெருவில் புழங்கியிருக்கிறது. ஒருத்தியின் பெயர் ராஜகேசரி. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறிமாறிச் சூடிய பட்டங்களில் ஒன்று அது. ராஜராஜனே ஒரு ராஜகேசரி. இவர்களுக்கு நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு அது சமம் என்று கல்வெட்டே சொல்கிறது. ராஜகேசரி என்ற பெண்ணின் முற்றத்தில் ராஜகேசரிக்கு ஒத்த மரக்காலால் நெல் அளந்திருக்கிறார்கள்! கோயிலில் பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றுதான் பெயர். கூத்தனின் திருப்பெயர் மரக்காலிலும் எடைக்கல்லிலும் புழங்கிய ஊரில், எடுத்தபாதம் என்று ஒரு பெண் இருந்ததில் வியப்பில்லை.

ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு. பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவாக ஆண்டுக்கு நூறு கலம் நெல். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்றால் ஆயிரத்து இருநூறு மரக்கால். ஒருத்தி இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அடுத்த உறவுக்காரர் அந்த வேலையைச் செய்து அந்த நெல்லைப் பெறவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறொருவரைத் தேர்ந்து அமர்த்தவேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்றைய பள்ளிப் பதிவேட்டின் வேர் இந்தக் கல்லில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பெரிய கோயிலின் பெருந்தச்சன் பெயர் வீரசோழன் குஞ்சரமல்லன். தகப்பன் வீரசோழன், மகன் குஞ்சரமல்லன். என் பதிவேட்டில் எழுதியிருந்தால் வீ. குஞ்சரமல்லன். தகப்பன் பெயரை முன்னால் வைப்பது அன்றைக்கே நடைமுறை. 'ஆன' என்று சேர்த்து அரசன் கொடுத்த பட்டத்தையும் எழுதினார்கள். அப்படித்தான் அவர் இராசராசப் பெருந்தச்சன் ஆனார். தையற்காரர் ராஜராஜப் பெருந்தையான். நாவிதருக்கும் அதுபோலவே பெருநாவிசன் என்று பட்டம் இருந்தது. தேவாரம் பாட நியமித்த நாற்பத்தெட்டுப் பேருக்கு, பூர்வசிவன், தர்மசிவன் என்று சிவனில் முடியும் தீட்சைப் பெயர்கள்.

பெண்களின் கதை வேறு. நானூறு பேருக்கும் முன்னால் இருப்பது நக்கன் என்ற ஒரே பெயர். ஆடையில்லாமல் பிச்சைக்கு நின்ற சிவனுக்கு அது பெயர். தகப்பன் பெயர் நிற்கும் இடத்தில் இறைவன் பெயர் நிற்கிறது. கணவன் பெயர் எங்குமே இல்லை. பதிவேட்டில் எழுதினால் நானூறு பேருக்கும் ந. என்ற ஒரே இனிஷியல்தான் வரும். ஒரே பெயரில் இருவர் வந்தால் பிரித்துக்காட்ட ஊரும் வீட்டு எண்ணும் இருந்தன. தேசிச்சி என்று ஒருத்தி, பெரிய தேசிச்சி என்று இன்னொருத்தி. வகுப்பில் இரண்டு கலைச்செல்வி இருந்தால் பெரிய கலை, சின்ன கலை என்று கூப்பிடுவோமே, அதேதான்.

இந்தப் பெயர்களை நான் கொண்டாடுவதால், அந்த ஏற்பாட்டையும் கொண்டாடுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியேற்றியது அரசன் ஆணை. ஆரூரிலும் பழையாற்றிலும் ஐயாற்றிலும் பிறந்து வளர்ந்தவர்களைத் தஞ்சைக்குப் பெயர்த்தபோது அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்டதாகக் கல்வெட்டில் ஒரு சொல் இல்லை. நக்கன் என்ற முன்பெயர் அவர்களுக்குக் கௌரவம் தந்தது. கோயிலின் உடைமை என்ற முத்திரையும் அதுவே. பிற்காலத்தில் பொட்டுக்கட்டும் வழக்கம் எத்தனையோ பெண்களின் வாழ்க்கையைச் சீரழித்தது. முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்தச் சட்டம் வந்தே தீரவேண்டிய சட்டம்.

அதனாலேயே இந்த நானூறு பெயர்களும் மறந்துபோகக்கூடாது என்கிறேன். தேவரடியார் என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் சுருட்டி வைத்துவிட்டுப் பேசுகிறோம், எழுதுகிறோம். அரச குடும்பத்தில் பிறக்காத இத்தனை பெண்களின் சொந்தப் பெயர்களை வீட்டு விலாசத்தோடு ஒரே இடத்தில் தரும் இன்னொரு பழைய கல்லை நான் பார்த்ததில்லை.

பேத்திக்குப் பெயர் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. இந்த எழுத்தில் தொடங்கவேண்டும், கூட்டுத்தொகை இத்தனை வரவேண்டும் என்று எண்கணிதக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டும் கையில் இருக்கும். அர்த்தமே இல்லாத இரண்டெழுத்து ஓசையைப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் சூட்டிவிடாதீர்கள் என்று அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தில்லையழகி இருக்கிறாள், ஏகவீரி இருக்கிறாள், சேரமங்கை இருக்கிறாள். ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில், 66ஆம் எண்ணில், நானூறு பேரும் வரிசையாக இருக்கிறார்கள். புரட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பெயர் அதில் கட்டாயம் கிடைக்கும்.