பருத்தி மானியமும் வாரக்குடிகளும்: பொயின்செற் மாவட்டம், 1933–1936

ஐக்கிய அமெரிக்காவின் 1933ஆம் ஆண்டு வேளாண்மைச் சீராக்கச் சட்டம், விலைவீழ்ச்சியைத் தடுக்கும் பொருட்டுப் பயிர்ப்பரப்பைக் குறைத்தோருக்குப் பணம் வழங்கியது. அவ்வாண்டில் ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்தி உழுதழிக்கப்பட்டது. அப்பணம் யார் கையைச் சேர்ந்தது என்பதையே ஆர்கன்சாஸின் பொயின்செற் மாவட்டத்தை முன்வைத்து நாம் நோக்குகின்றோம். 1934–35 ஒப்பந்தப்படி இறாத்தலுக்குக் கணக்கிடப்பட்ட நாலரைச் சதத்தில் அரைச் சதமே வாரக்குடிக்குரியது; அதுவும் நிலவுடைமையாளர் கைவழியே. குடிகளின் தொகையை 'இயன்றவரை' குறையாது பேணுக என்றது ஒப்பந்தம். அவ்வொரு சொல்லின் தளர்ச்சியிற் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

1934 யூலையில் ரைரொன்சா அருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடித் தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தை அமைத்தனர். நிறப்பிரிவினை சட்டமாயிருந்த மண்ணில் இது சிறு செய்தியன்று. ஒப்பந்தத்துக்குக் குடிகள் சார்பாக விளக்கமளித்த அரச சட்ட அலுவலரோ 1935 பெப்ரவரியிற் பதவி நீக்கப்பட்டனர். 1936 சனவரியில் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் அடிப்படை ஏற்பாடுகளைச் செல்லாதனவாக்கியது. ஆயின் அவ்வழக்கு வாரக்குடிகளுடையதன்று, பதனீட்டு வரியை எதிர்த்த பருத்தி ஆலையொன்றின் சார்பில் எழுந்தது.