இரக்கத்தின் குன்றும் வட்டிக் கணக்கும்

வீட்டில் எஞ்சியிருக்கும் குண்டுமணித் தங்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக் கடையின் படியேறும் தாயை நாம் அறிவோம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, கணவனின் மருத்துவச் செலவோ அவளை அங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கும். அவள் கேட்பது பிச்சை அன்று, கடன். பசித்தவருக்கு உணவளிக்கவும் நோயுற்றவரைப் பேணவும் திருச்சபை எத்தனையோ இல்லங்களைக் கட்டியது. ஆனால், தன்மானத்தை இழக்காமல் கடன் கேட்டு வருபவருக்கு அது என்ன செய்தது? இக்கேள்விக்கு விடை தேடினால், 15-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய நகரங்களுக்குத்தான் நாம் செல்ல வேண்டும்.

அக்காலத் திருச்சபை வட்டியைப் பற்றித் தெளிவாகவே பேசியிருந்தது. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்கலாகாது என்றும், அடகாகப் பெற்ற மேலாடையைக் கதிரவன் மறையுமுன் திருப்பித் தர வேண்டும் என்றும் விடுதலைப் பயண நூல் பணிக்கிறது. மாவு அரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்குவதை இணைச்சட்ட நூல் தடுக்கிறது. அது ஒருவருடைய உயிரையே அடகு வாங்குவதற்கு ஒப்பாகும். திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன் கொடுக்குமாறு நம் ஆண்டவர் கற்பித்ததை லூக்கா எழுதி வைத்தார். 325-ஆம் ஆண்டில் கூடிய நிசேயா பொதுச்சங்கம் குருக்கள் வட்டி வாங்குவதைத் தடை செய்தது. 1179-ஆம் ஆண்டின் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கமோ, வெளிப்படையாக வட்டித் தொழில் புரிவோருக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது.

சட்டம் தெளிவாக இருந்தது. ஏழையின் தேவையும் அப்படியே இருந்தது. அறுவடைக்கு முன் விதைக்குப் பணம் வேண்டிய உழவரும், வேலையின்றித் தன் கருவிகளை அடகு வைக்க வந்த தச்சரும் எங்கே போவார்கள்? மெதிச்சி போன்ற பெருங்குடும்பங்களின் வங்கிகள் அரசர்களோடும் பெருவணிகர்களோடும் கொடுக்கல் வாங்கல் செய்தன. பத்துக் காசு கேட்டு வருபவருக்கு அங்கே இடமில்லை. ஆகவே, நகராட்சிகள் யூதர்களை அழைத்து, ஒப்பந்தம் எழுதி, சிறு கடன் கொடுக்கும் தொழிலை அவர்களிடம் ஒப்படைத்தன. பல தொழில் சங்கங்களும் நில உடைமையும் யூதர்களுக்கு மூடப்பட்டிருந்தன. திறந்திருந்த சில கதவுகளுள் இது ஒன்று. ஆண்டுக்கு 20 முதல் 30 விழுக்காடு வரை, சில இடங்களில் அதற்கு மேலும், வட்டி வாங்கப்பட்டது. அந்த வருவாயில் ஒரு பகுதியை வரியாகவும் கட்டாயக் கடனாகவும் நகராட்சிகளே பெற்றுக்கொண்டன. தன் கை கறைபடாமல் காரியம் நடக்க வேண்டும் என்று கிறிஸ்தவ சமுதாயம் எண்ணியது. கறையை மட்டும் மற்றவர் மீது பூசியது.

இந்நிலையில்தான் பிரான்சிஸ்கன் துறவியர் சிலர் புதுவழி ஒன்றைக் கண்டனர். 1462-ஆம் ஆண்டு பெருஜியா நகரில் அவர்களுடைய மறையுரையின் பயனாக ஓர் அடகு நிலையம் தோன்றியது. அதன் பெயர் 'மோந்தே தி பியெத்தா'. 'மோந்தே' என்றால் குன்று; பலரும் சேர்ந்து குவித்த பொதுநிதியையும் அச்சொல் குறித்தது. 'பியெத்தா' என்றால் இரக்கம். 'இரக்கத்தின் குன்று' என்று நாம் சொல்லலாம். சில பத்தாண்டுகளுக்குள் இத்தாலியின் பல நகரங்களில் இத்தகைய குன்றுகள் எழுந்தன.

அது இயங்கிய விதம் எளிமையானது. தவக்கால மறையுரைகளின்போதும் பவனிகளின்போதும் மக்கள் கொடுத்த காணிக்கையே அதன் முதல். வறியவர் ஒரு துணியையோ பாத்திரத்தையோ கருவியையோ கொண்டு வருவார். அதன் மதிப்பில் ஒரு பகுதி கடனாகத் தரப்படும். ஒருவர் பெறக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. பெரும்பணம் வேண்டுவோர்க்கு அது இடமன்று. சூதாட்டத்திற்கோ வணிகத்திற்கோ அன்றிச் சொந்தத் தேவைக்கே கடன் என்பது விதி. குறித்த காலத்தில் மீட்கப்படாத பொருள் ஏலத்தில் விற்கப்படும். கடனும் செலவும் போக எஞ்சியது உரியவருக்கே திருப்பித் தரப்படும். எழுத்தர், மதிப்பீட்டாளர், காவலர் ஆகியோரின் ஊதியத்திற்காகவும் இடத்தின் வாடகைக்காகவும் கடன் பெறுவோரிடம் சிறு தொகை ஒன்று வாங்கப்பட்டது. பெரும்பாலும் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்தது.

அந்தச் சிறு தொகையே பெரும் பூசலுக்கு வித்திட்டது. சாமிநாதர் சபையாரிலும் அகுஸ்தீனார் சபையாரிலும் இருந்த இறையியலார் சிலர் கடுமையாக எதிர்த்தனர். அகுஸ்தீனார் சபைத் துறவி ஒருவர், இது இரக்கத்தின் குன்று அன்று, இரக்கமின்மையின் குன்று என்று தம் நூலுக்கே தலைப்பிட்டார். பின்னாளில் கர்தினாலான சாமிநாதர் சபையின் கயத்தான் 1498-ஆம் ஆண்டில் தம் வாதத்தை எழுதினார். கொடுத்ததற்கு மேல் ஒரு காசு பெற்றாலும் அது வட்டியே. நோக்கம் நல்லது என்பதால் செயல் நல்லதாகிவிடாது. நிலையத்தை நடத்தும் செலவை நகரமும் செல்வரும் ஏற்க வேண்டுமேயன்றி, இருப்பவர்களிலேயே வறியவரான கடனாளியின் தலையில் சுமத்துவது நீதியன்று என்பது எதிர்ப்பாளரின் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

மறுபக்கம் நின்றவர்களுள் முதன்மையானவர் அருளாளர் பெல்த்ரே நகர் பெர்னார்தீனோ (1439-1494). ஊர் ஊராக நடந்து, இத்தகைய நிலையங்களை நிறுவியும் நலிந்தவற்றை மீட்டும் உழைத்தவர் அவர். கட்டணமே இல்லாத நிலையங்கள் காணிக்கை வற்றியதும் மூடப்பட்டுவிடும்; ஏழை மீண்டும் 30 விழுக்காட்டு வட்டிக்கே திரும்புவார் என்பது அவர் கருத்து. ஈண்டு இரு ஒப்பந்தங்கள் இருப்பதாகப் பிரான்சிஸ்கன் இறையியலார் விளக்கினர். கடன் ஓர் ஒப்பந்தம். அதற்குக் கட்டணம் இல்லை. பொருளைக் காத்து, கணக்கெழுதி, மீண்டும் கையில் தருவது மற்றோர் ஒப்பந்தம், அவ்வுழைப்பிற்கே கூலி.

பெர்னார்தீனோவைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. வட்டியைக் கண்டித்த அவருடைய மறையுரைகள் யூதர்களையே பகைவராகக் காட்டின. 1475-ஆம் ஆண்டின் தவக்காலத்தில் அவர் திரெந்து நகரில் யூதருக்கு எதிராக மறையுரையாற்றினார். அந்த ஆண்டே அங்கே இறந்து கிடந்த சீமோன் என்னும் சிறுவனின் பொருட்டு யூதர்கள்மீது பொய்ப்பழி சுமத்தப்பட்டது; பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அச்சிறுவனுக்குச் செலுத்தப்பட்டு வந்த வணக்கத்தைத் திருச்சபை 1965-ஆம் ஆண்டில்தான் நீக்கியது. 1488-ஆம் ஆண்டில் புளோரன்சு நகரில் அவருடைய மறையுரைக்குப் பின் யூதருக்கு எதிராகக் கலகம் மூண்டதால், நகர அதிகாரிகள் அவரை வெளியேற்றினர். ஏழைக்காக இரங்கிய அதே நாவு, மற்றோர் எளிய மக்கள்மீது வன்மத்தை வளர்த்தது. பொருளாதார நெருக்கடியின்போது குற்றத்தைச் சுமக்க ஓர் இனத்தைத் தேடும் வழக்கம் உலகில் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆகையால் இவ்வரலாற்றை நாம் முழுமையாகவே படிக்க வேண்டும்.

பூசலுக்கு முடிவு கண்டது ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம். 1515-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் திருத்தந்தை பத்தாம் சிங்கராயர் (லியோ) வெளியிட்ட ஆணைமடல், இரக்கத்தின் குன்றுகள் வட்டிக்கடைகள் அல்ல என்று அறிவித்தது. இத்திருத்தந்தை மெதிச்சி வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்தின் வங்கி 1494-ஆம் ஆண்டில் முறிந்ததைக் கண்டவர். உழைப்போ செலவோ இடர்ப்பாடோ இன்றி, தானாகப் பலன் தராத ஒன்றைப் பயன்படுத்துவதிலிருந்தே ஆதாயம் தேடுவதுதான் வட்டிக் குற்றம் என்று அம்மடல் வரையறுத்தது. நிலையத்தின் செலவுக்கு மட்டும், ஆதாய நோக்கமின்றி, அளவோடு கட்டணம் பெறலாம் என்றது. அதே வேளையில், அச்செலவையும் கொடையாளரே ஏற்றால் அது இன்னும் நிறைவானது என்றும் கூறியது. வாதத்தில் தோற்றவர்களின் மனச்சான்றுக்கும் இவ்வாறு தீர்ப்பிலே ஓர் இடம் கிடைத்தது.

செலவு வேறு, ஆதாயம் வேறு என்னும் இவ்வேறுபாட்டைக் காண ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வட்டி பாவம் என்று மேடையில் முழங்குவதற்கு ஒரு நாள் போதும். ஏழைக்கு மாற்று வழி ஒன்றைத் திறந்து, அது மூடாமல் பார்த்துக்கொள்வதற்குக் கணக்கும் காவலும் பொறுமையும் வேண்டும். பிற்காலத்தில் வேறு நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின. மத்ரித் நகரில் பிரான்சிஸ்கோ பிக்கேர் என்ற குரு 1702-ஆம் ஆண்டில் ஒரே ஒரு வெள்ளிக் காசை உண்டியலில் இட்டுத் தொடங்கினார். மெக்சிகோவில் 1775-ஆம் ஆண்டில் தோன்றிய நிலையம் இன்றும் இயங்குகிறது.

ஆனால், பெயர் நிலைப்பதால் நோக்கமும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. 1472-ஆம் ஆண்டில் சியென்னா நகர ஆட்சியினர் ஏழைகளுக்காக ஒரு குன்றை நிறுவினர். அது படிப்படியாக வளர்ந்து, 'மோந்தே தெய் பாஸ்கி' என்னும் பெரும் வங்கியாயிற்று. இன்றும் இயங்கும் வங்கிகளுள் மிகப் பழமையானது அதுவே என்பர். 2007-ஆம் ஆண்டில், உலக நிதி நெருக்கடியின் வாயிலில், அது மற்றொரு வங்கியை 900 கோடி யூரோ கொடுத்து வாங்க முன்வந்தது. சிக்கலான நிதி ஒப்பந்தங்களால் நேர்ந்த இழப்புகள் 2013-ஆம் ஆண்டில் வெளியுலகிற்குத் தெரிய வந்தன. 2017-ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு ஏறத்தாழ 540 கோடி யூரோ பொதுப்பணத்தை இட்டு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஏழையின் துணியையும் பாத்திரத்தையும் காக்கத் தொடங்கிய நிலையத்தை, கடைசியில் ஏழையின் வரிப்பணமும் சேர்ந்து காக்க நேர்ந்தது.

அந்நெருக்கடிக் காலத்தில், 2009-ஆம் ஆண்டில், திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வெளியிட்ட 'உண்மையில் அன்பு' என்னும் சுற்றுமடல், இன்றைய குறுங்கடன் முயற்சிகளின் வேர்களுள் ஒன்றாக இக்குன்றுகளை நினைவுகூர்ந்தது. நிதி நிறுவனங்கள் தங்கள் தொழிலின் அறநெறி அடித்தளத்தை மீண்டும் கண்டறிய வேண்டும் என்றும் அம்மடல் வேண்டுகிறது.

நம் தமிழகத்தில் நாள் வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடை செய்யும் சட்டம் 2003-ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் தேவையே. எனினும், மாற்று வழி இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் தாயின் கண்ணீரைத் துடைப்பதில்லை என்பதை இவ்வரலாறு நமக்குச் சொல்லியிருக்கிறது. சூன் மாதத்தில் பள்ளி திறக்குமுன் எத்தனை குடும்பங்கள் வட்டிக்காரரின் வாயிலில் நிற்கின்றன என்பதை நம் அன்பியக் கூட்டங்களில் நாம் கேட்டதுண்டா? ஒவ்வொரு பங்கிலும் சிறு நிதி ஒன்றைத் திரட்டி, நேர்மையாகக் கணக்கெழுதி, சாதி சமயம் பாராமல் கடன் கொடுத்து, அதன் செலவை இருப்பவர்கள் ஏற்றுக்கொள்வது நம்மால் இயலாததா?

அடகாகப் பெற்ற மேலாடையை மாலைக்குள் திருப்பித் தரச் சொன்ன இறைவன், அதற்கான காரணத்தையும் கேள்வியாகவே வைத்தார்: அது இல்லாவிட்டால் அந்த ஏழை எதைப் போர்த்திப் படுப்பான்? அக்கேள்வியை மறவாதிருக்கும் வரையில்தான் குன்று இரக்கத்தின் குன்றாக இருக்கும்.